வில்லங்கம் பார்த்தால் மட்டும் போதாது: தென்னாப்பிரிக்காவில் நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தம்பி போன் செய்தான். மதுரைப் பக்கம். டர்பனுக்கு வேலைக்கு வந்து 2 வருஷம்கூட ஆகவில்லை. "அண்ணே, ஒரு இடம் வந்திருக்கு. டவுன்ல இருந்து ஒரு மணி நேரம். மேட்டுல ஏறி நின்னா கடல் தெரியுது. விலையைச் சொன்னா நம்ப மாட்டீங்க."

"பத்திரம் யார் பேர்ல?"

"பத்திரமெல்லாம் இல்லையாம். இந்துனான்னு ஒரு ஊர்த் தலைவராம், அவர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் தருவாராம். அதுதான் இங்க பட்டா மாதிரின்னு சொல்றாங்க."

அந்தத் தாளை நம் ஊர்ப் பட்டா என்று நினைத்தால் பணம் போய்விடும். வெறும் காகிதம் என்று நினைத்தாலும் தப்பு. அதன் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றுவது அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களை. நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 14 வருஷமாகக் கோப்பு தேடுகிற வேலை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வரும் நம்மவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், படிப்படியாக எழுதி வைக்கிறேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் வக்கீலைப் பாருங்கள்.

முதல் படி: அது எந்த வகை மண்?

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இந்த மாகாணத்தில் கிட்டத்தட்ட 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இங்கோன்யாமா டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994-இல், முதல் பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்பு, உருவானது. அறங்காவலர் சுலு மன்னர். பதிவேட்டில் உரிமையாளர் டிரஸ்ட். ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்டி, சோளம் போட்டு, மாடு மேய்த்து, செத்தவர்களைப் புதைத்து வாழ்கிற குடும்பங்களின் உரிமை மரபுச் சட்டத்தில் இருக்கிறது. பதிவேட்டில் தேடினால் அவர்களில் ஒருவர் பெயரும் வராது.

அந்த மண்ணில் ஒரு புதுக் குடும்பம் குடியேறுவதற்கு ஒரு முறை உண்டு. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சம்மதிக்க வேண்டும். இந்துனா வந்து எல்லை காட்ட வேண்டும். அவருக்கு மேலே இருக்கும் பெருந்தலைவர் இன்கோசிக்குத் தெரிய வேண்டும். இதற்கு உகுகோன்சா என்று பெயர். அந்தத் தலைவருக்குக் கீழ்ப்பட்டு அந்த ஊர் ஆளாகச் சேர்வது என்று பொருள். ஒரு தொகை கொடுப்பார்கள்தான். அது ஊரில் சேருவதற்கான காணிக்கை, நிலத்தின் விலை அல்ல. நம் தம்பிக்கு 'விலை' என்று சொன்ன ஆள், தன் ஒருவனுக்கு மட்டும் சொந்தமில்லாத ஒன்றை விற்கப் பார்த்திருக்கிறான். ஊர் ஆளாகச் சேரும் எண்ணம் நம்மவருக்கும் இல்லை. வார இறுதியில் கடல் பார்க்க ஒரு குடில், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு தாளும் சுற்றும்: 'பெர்மிஷன் டு ஆக்குபை', சுருக்கமாக பி.டி.ஓ. குடியிருக்க அனுமதி. 2007-லிருந்து டிரஸ்ட் வாரியம் இதை விட்டுவிட்டு, மக்கள் குடியிருக்கும் நிலத்தையே அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்து வருஷா வருஷம் வாடகை வாங்க ஆரம்பித்தது. பரம்பரையாக வாழ்கிற இடத்துக்கு வாடகையா என்று வழக்குப் போட்டார்கள். 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்தக் குத்தகைகள் செல்லாது, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. அந்த நிலத்தின் உண்மையான பலனாளிகள் அங்கே வாழ்கிற மக்களே என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆகவே ஒரு புரோக்கர் 'டிரஸ்ட் குத்தகை' என்று ஒரு நகலை நீட்டினால், அந்த இடத்தில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பதிவேடு பார்த்தல்

இது நமக்குப் பழகிய வேலை. ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குவோம் இல்லையா, இங்கே டீட்ஸ் ஆஃபீஸ். குவாசுலு-நட்டாலுக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. எர்ஃப் எண்ணோ (மனை எண்), பண்ணையின் பெயரும் எண்ணுமோ தெரிந்தால் போதும். சிறு கட்டணத்துக்கு யார் வேண்டுமானாலும் தேடலாம். உரிமையாளர், அடமானம், வழிப்பாதை உரிமை எல்லாம் வந்துவிடும். டர்பனின் பழைய பத்திரங்களைப் புரட்டினால், 'ஏசியாட்டிக்', அதாவது ஆசியர், யாரும் இதை வாங்கவோ, வீட்டு வேலைக்காரராக அல்லாமல் இங்கே குடியிருக்கவோ கூடாது என்ற நிபந்தனையும் கண்ணில் படும். இன்று அதற்கு மதிப்பில்லை. இருந்தாலும் முதல் தடவை அதைப் படித்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

பதிவேடு சொல்லாததற்கு ஒரு எடுத்துக்காட்டு. வடமேற்கு மாகாணத்தில் வில்கஸ்பிரைட் என்றொரு பண்ணை. லெசெட்லெங் ஊரைச் சேர்ந்த 13 குலத்தார் பணம் திரட்டி 1919-இல் வாங்கியது. ஆனால் கறுப்பின மக்கள் தங்கள் பெயரில் பதிவு செய்ய அன்று வழியில்லை. அமைச்சரின் பெயரில், இனக்குழுவுக்காக வைத்திருப்பதாக எழுதிவிட்டார்கள். பிற்காலத்தில் பிளாட்டினச் சுரங்க நிறுவனம் வந்து, உரிமம் இருக்கிறது, காலி செய்யுங்கள் என்றது. கீழ் நீதிமன்றமும் வெளியேற்ற உத்தரவு போட்டது. 2018 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுரங்க உரிமம் இருப்பதாலேயே மக்களின் நில உரிமை அழிந்துவிடாது, முதலில் அவர்களிடம் பேசு என்று. வில்லங்கம் மட்டும் பார்த்து அந்த நிலத்துக்கு யாராவது பணம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூன்றாம் படி: நிலக் கோரிக்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்

இதைத்தான் நம்மவர்கள் தாண்டிவிடுகிறார்கள். பழக்கமில்லாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1913 ஜூன் 19. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நடைமுறைக்கு வந்த நிலச் சட்டம், நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைக் கறுப்பின மக்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தில் அவர்கள் நிலம் வாங்கத் தடை போட்டது. 1936-இல் அதை 13 விழுக்காடு வரை ஏற்றினார்கள். இன்றைய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப் பாகுபாட்டுச் சட்டத்தாலோ நடைமுறையாலோ நிலத்தை இழந்த ஆளுக்கும் சமூகத்துக்கும் அதை மீட்கவோ ஈடு பெறவோ உரிமை தருகிறது. அதை நடத்திக் காட்டும் சட்டம் 1994-ஆம் ஆண்டின் 22-ஆம் எண், நில உரிமை மீட்புச் சட்டம். கோரிக்கை போட 1998 டிசம்பர் 31 கடைசி நாள். சுமார் 80,000 கோரிக்கைகள் வந்தன. எல்லாம் இன்னும் முடிந்தபாடில்லை.

இந்தச் சட்டத்தில் 'நில உரிமை' என்றால் பத்திரம் என்று மட்டும் பொருள் இல்லை. பதிவானது, பதிவாகாதது, மரபுச் சட்டப்படி வந்தது, விளைச்சலில் பங்குக்கு உழுதவரின் உரிமை, இழப்பதற்கு முன் குறைந்தது 10 வருஷம் தொடர்ந்து அனுபவித்தது எல்லாமே அடங்கும். நம் ஊர்ப் பேச்சில் 'அனுபவ பாத்தியதை' என்போமே, அதைப் போன்ற ஒன்றுக்கு இங்கே சட்டப் புத்தகத்திலேயே இடம் இருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ரிக்டர்ஸ்வெல்ட் வழக்கு. வட கேப் மாகாணத்தின் வடமேற்கு மூலை, ஆரஞ்சு ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய வறண்ட பூமி. நாமா மக்கள் ஆடு மாடுகளோடு பருவத்துக்கு ஒரு பக்கம் பெயர்ந்து, கோரைப் பாய் வேய்ந்த வட்டக் குடிசைகளைக் கழற்றி மாட்டி வாழ்ந்த இடம். 1847-இல் பிரிட்டிஷார் அதைக் கேப் காலனியோடு சேர்த்துக்கொண்டார்கள். 1920-களில் கரையோரத்தில் வைரம் கிடைத்தது. அப்புறம் சொல்ல வேண்டுமா? அரசு அதைத் தன் நிலமாக நடத்தி, கடைசியில் அலெக்ஸ்கோர் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. நாமா மக்கள் வழக்குப் போட்டார்கள். 1847-லேயே உங்கள் உரிமை முடிந்துவிட்டது, 1913-க்கு முந்தைய கதை இது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

2003 அக்டோபர் 14 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. பூர்வகுடிச் சட்டத்தை ஆங்கிலேயச் சொத்துச் சட்டத்தின் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது, அதன் சொந்த விதிகளிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். அந்த மக்கள் நிலத்தைப் பொதுவில் வைத்து ஆண்டார்கள். வெளியாள் மேய்க்க வந்தால் அனுமதி கேட்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். அதுதான் உடைமை. மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிமமும் அதில் சேர்ந்ததே. நாட்டைச் சேர்த்துக்கொண்டதால் மட்டும் இந்த உரிமை அழியவில்லை. வைரம் கிடைத்த பிறகு, பதிவு பெற்ற உரிமையாளர்களைக் காத்த சட்டம், பதிவில்லாத பூர்வகுடி உடைமையை இருப்பதாகவே கண்டுகொள்ளவில்லை. அந்த வேறுபாடுதான் இனப் பாகுபாடு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இந்தத் தீர்ப்பை வாசிக்கச் சொன்னார்கள். ஆடு மேய்க்க வசூலித்த சில்லறைக் காசு இவ்வளவு பெரிய வழக்குக்குச் சாட்சியாக நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் பூர்வகுடிகளான கோய், சான் மக்களில் பெரும்பாலோர் நிலத்தை இழந்தது 1913-க்கு வெகு முன்பே. அவர்களுக்கு இந்தச் சட்டம் கதவைத் திறக்கவில்லை. கலஹாரியில் கோமானி சான் மக்கள் 1999 மார்ச்சில் நிலம் திரும்பப் பெற்றது, அவர்களை வெளியேற்றிய தேசியப் பூங்கா 1931-இல் உருவானதால். தேதி சற்று முன்னே இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. எனக்கு இந்த 1913 கோடு எப்போதுமே உறுத்தல்தான்.

சரி, செய்ய வேண்டிய வேலை. நில மீட்பு ஆணையத்தின் மாகாண அலுவலகத்துக்கு நிலத்தின் முழு விவரத்தைக் கொடுத்து, இதன் மேல் கோரிக்கை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் "ஒன்றும் இல்லை" என்றால் கணக்கில் சேராது. கோரிக்கை முறையாக ஏற்கப்பட்டால் அரசிதழில் அறிவிப்பு வரும். வந்த பிறகு, ஆணையருக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்காமல் அந்த நிலத்தை விற்கவோ, வாடகைக்கு விடவோ, பிரிக்கவோ, கட்டடம் எழுப்பவோ கூடாது. சட்டத்தின் 11-ஆம் பிரிவு. கோரிக்கை இருக்கிற நிலத்தை வாங்கவே கூடாது என்றில்லை. ஆனால் அந்தக் கணக்கோடு வாங்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், 'கோரிக்கை இல்லை என்ற கடிதம் வந்தால்தான் ஒப்பந்தம் செல்லும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணத்தை விற்பவர் கையில் தராமல் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில், அதாவது கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கில், போடுங்கள்.

நான்காம் படி: போய்ப் பாருங்கள்

பகலில் போங்கள். கூட சுலு பேசத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். அந்தத் தம்பியோடு நானும் போனேன். மேடு, கடல் எல்லாம் அவன் சொன்னபடியே. ஆனால் 'ப்ளாட்'டின் ஓரத்தில் கற்றாழை வரிசையாக நின்றது. தானாக முளைத்தது அப்படி வரிசை பிடிக்காது. அருகே போனால் கல் அடுக்கிய நீள மேடுகள் ஐந்து. ஒன்றின் தலைமாட்டில் எனாமல் கிண்ணம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது, விளிம்பில் நீலக்கோடு. எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு மேல் வீட்டிலிருந்து ஒரு கோகோ, பாட்டியம்மா, தடியூன்றி இறங்கி வந்தார். எங்களைத் திட்டவில்லை. உங்கள் இசிபோங்கோ என்ன என்று கேட்டார், குலப்பெயர். தம்பி தன் இனிஷியலை விரித்துச் சொன்னான். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்தப் பக்கம் அப்படி யாரும் இல்லையே என்றார்.

இந்த மாதிரிப் புதைகுழிகள் நில வழக்கில் முதல்தரச் சாட்சி. இடிந்த மாட்டுத் தொழுவத்தின் கல் வளையம், யாரோ நட்ட பழமரம், பழைய பாதை இவையும் அப்படியே. படம் எடுத்து வையுங்கள்.

பண்ணை நிலம் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பண்ணையில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களை 1997-ஆம் ஆண்டின் 62-ஆம் எண் சட்டம் காக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. 10 வருஷம் குடியிருந்து 60 வயது ஆனவருக்குப் பாதுகாப்பு இன்னும் உறுதியானது. குடும்பத்தார் புதைகுழியைப் பார்க்கவும் பராமரிக்கவும் வெளியிலிருந்து வருகிறவரையும், நியாயமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உள்ளே விட வேண்டும். 'காலி நிலம்' என்று விளம்பரத்தில் இருந்ததே என்று அப்புறம் புலம்பிப் பயனில்லை.

ஐந்தாம் படி: தொழில் தொடங்குகிறவர்களுக்கு

கடை, கல் குவாரி, லாட்ஜ் என்று சமூக நிலத்தில் இறங்குகிறவர்கள் இன்கோசியின் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது. 1996-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் சட்டம் 'தற்காலிக' ஏற்பாடாக வந்து, வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. பதிவில்லாத நில உரிமையை, உரியவரின் சம்மதமின்றிப் பறிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. பொது நிலம் என்றால், போதிய அறிவிப்புக் கொடுத்து இதற்கென்றே கூட்டிய கூட்டத்தில் உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். கிழக்கு கேப்பில் சொலோபேனி கரையோர மணலில் டைட்டானியம் தோண்ட ஒரு நிறுவனம் வந்தபோது, முழு விவரமும் அறிந்த சமூகத்தின் சம்மதம் இல்லாமல் உரிமம் தரக் கூடாது என்று 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். கூட்டத்துக்குப் போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: இழந்தவர் வீட்டிலேயே பெண் எடுத்திருந்தால்

சிரிக்காதீர்கள், இது நடக்கிறது. ஊரிலிருந்து வந்து இங்கே நாயுடு, பிள்ளை, படையாச்சி வீட்டில் சம்பந்தம் செய்கிறோம். அப்புறம் ஒரு நாள் மனைவியின் ஆயா, அதாவது பாட்டி, டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். தோட்டக்காரர்களாக, கடைக்காரர்களாக, வாடகைதாரர்களாக நம் மக்கள் நிறைந்திருந்த இடம் அது. 1958-இல், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குழுவாரிப் பகுதிச் சட்டத்தின்படி, வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். நம் மக்கள், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு லாரி ஏறினார்கள். நாம் இங்கே பூர்வகுடி இல்லை. நாமா மக்களின் மரபு உடைமை நமக்கு இல்லை. இருந்தாலும் அதே மீட்புச் சட்டத்தின் கீழ்தான் இந்தக் குடும்பங்களும் கோரின. வாடகைக்கு இருந்தவர்களும்கூட. நகர்ப்புறத்தில் பெரும்பாலோர் நிலத்துக்குப் பதிலாகப் பணமே வாங்கிக்கொண்டார்கள்.

கோரிக்கை 1998-க்குள் போட்டிருந்தால் 'கே.ஆர்.என்' என்று தொடங்கும் எண்ணோடு ஓர் ஒப்புகைக் கடிதம் வீட்டில் எங்காவது இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். 2014-இல் மறுபடி கதவைத் திறந்து, 1,60,000-க்கும் மேல் புதுக் கோரிக்கைகள் வந்தன; ஆனால் மக்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2016 ஜூலையில் அந்தத் திருத்தத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டது. பழையவை முடியும்வரை அந்தப் புதியவை காத்திருக்க வேண்டியதுதான். இப்போது வந்து "பணம் கொடுங்கள், புதுக் கோரிக்கை போட்டுத் தருகிறேன்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம்மவர்களின் கோப்பில் நிஜமான தலைவலி பெயர்தான். அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியலாகி, அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராகி, கப்பல் பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, பிறப்புச் சான்றில் இன்னொன்று. ஒரே தாத்தா நாலு காகிதத்தில் நாலு ஆளாக இருப்பார். இவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு எது தெரியுமா? ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கொடுத்த காலனி எண். பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் அந்த எண் தொடர்ந்து வரும். பெயர் மாறினாலும் எண் மாறாது. அதைப் பிடித்து டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகங்களில் தேடினால் வம்சாவளி நேராகிவிடும். பிறகு, பெயர் வேறுபட்டாலும் ஆள் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம்.

வழக்கென்று போனால் 2024 ஏப்ரல் முதல் பழைய நிலக் கோரிக்கை நீதிமன்றத்தின் இடத்தில் நில நீதிமன்றம் இயங்குகிறது. கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பைக் கேட்டுப் பார்க்கலாம். ரிக்டர்ஸ்வெல்ட் மக்களுக்காக வாதாடியவர்கள் அவர்கள்தான். பண்ணைக் குடியிருப்பாளர் பிரச்சினை என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1979 முதல் இருக்கும் ஆஃப்ரா அமைப்பு.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அசல் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா 50 வருஷமாக பிஸ்கட் டின்னில் காத்த வாடகை ரசீதுகளை என்னை நம்பிக் கொடுத்தார். நான் ஒரு அலுவலகத்தில் கட்டாக ஒப்படைத்தேன், நகலெடுக்காமல். கோப்பு எண் மாறியது, மாடி மாறியது, ரசீது போனது போனதுதான். ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது, சர்க்கரைப் பையில் ஒட்டிக்கொண்டதால் ஆயா கொடுக்க மறந்தது. அதை மட்டும் உறுதிமொழி ஆணையரிடம் சான்றளிக்கச் சொல்லி நகலாக வாங்கினேன். அசல் இன்னும் அந்த டின்னில்தான் இருக்கிறது.